மேரி டீல்பி அம்மையார்

இங்கிலாந்து நாட்டின் தலைநகராகிய இலண்டனில், தேம்சு ஆற்றின் தென்கரையில், பாட்டர்சீ என்னும் பகுதி உள்ளது. அங்கே இருப்புப்பாதைகளின் அருகே, நாய்களையும் பூனைகளையும் காக்கும் காப்பகம் ஒன்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இயங்கி வருகின்றது. வழி தவறியவையும், வளர்த்தவராலேயே கைவிடப்பட்டவையுமாகிய உயிர்கள் அங்கே உணவும் மருந்தும் பெறுகின்றன. உடையவர் தேடிவந்தால் அவருடன் திரும்புகின்றன. வாராவிடின் புதியதோர் இல்லம் புகுகின்றன. இக்காப்பகத்திற்கு வித்திட்டவர் அரசரும் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். கணவரைப் பிரிந்து, உடன்பிறந்தாருடன் வாழ்ந்துவந்த, அறுபது வயதை நெருங்கிய ஓர் அம்மையாரே அவர். மேரி டீல்பி என்பது அவர் பெயர்.

மேரி 1801ஆம் ஆண்டு ஹண்டிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மருந்து கூட்டி விற்கும் தொழிலினர். 1829ஆம் ஆண்டில், ஹல் என்னும் துறைமுக நகரில் மரவாணிகம் செய்துவந்த இராபர்ட் டீல்பி என்பவருக்கு மேரி வாழ்க்கைப்பட்டார். மக்கட்பேறு வாய்க்கவில்லை. பல ஆண்டுகள் கழிந்தபின் கணவரைப் பிரிந்து இலண்டனுக்கு வந்தார். அந்நகரின் வடபகுதியாகிய ஹாலோவேயில், கிறித்தவக் குருவாகிய தம் உடன்பிறந்தார் எட்வர்டு பேட்ஸ் என்பவருடன் வாழலானார். அக்காலத்து ஆங்கிலச் சட்டம் மணமான பெண்ணுக்குத் தனிச்சொத்து உரிமையை அளிக்கவில்லை. அவள் ஈட்டும் பொருளும் கணவனுக்கே உரியதாயிருந்தது. 1870ஆம் ஆண்டில்தான் அந்நிலை சிறிது மாறத் தொடங்கிற்று. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமையோ அப்போது பெண்டிருக்கு இல்லை. இவற்றை நினைவிற்கொண்டு பார்த்தால்தான், அம்மையார் தலைப்பட்ட செயலின் அருமை நன்கு விளங்கும்.

1860ஆம் ஆண்டளவில் இலண்டன் மாநகரில் ஏறத்தாழ 28 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். ஆலைப் புகையும் மூடுபனியும் கலந்து பகலையும் இருளாக்கும் நாள்கள் பல. குதிரை வண்டிகள் நெருங்கியோடும் தெருக்களில், உடையவரைப் பிரிந்த நாய் மீண்டும் வீடு சேர்தல் அரிது. சிறுவணிகர் சிலர் முன்னர் நாய்களைச் சிறுவண்டிகளில் பூட்டி ஓட்டி வந்தனர். அவ்வழக்கம் 1839இல் இலண்டனிலும், 1854இல் நாடு முழுவதிலும் சட்டத்தால் தடுக்கப்பட்டது. நல்ல நோக்கத்துடன் இயற்றப்பட்ட அச்சட்டத்தினால், வேலையற்றுப்போன நாய்கள் பல தெருவில் விடப்பட்டன. செல்வர் வீட்டு நாய்களுக்கு வேறு வகைத் துன்பம் இருந்தது. அவற்றைத் திருடிச் சென்று, பொருள் பெற்றுக்கொண்டு திருப்பித் தருவதையே தொழிலாகக் கொண்ட கூட்டத்தார் அந்நகரில் இருந்தனர். எலிசபெத் பாரெட் என்னும் ஆங்கிலப் பெண்பாற் புலவர் வளர்த்த ஃபிளஷ் என்ற நாய் மூன்றுமுறை திருடப்பட்டு, மூன்றுமுறையும் பணங்கொடுத்து மீட்கப்பட்டது. மீட்பாரில்லாத நாய்களோ, சிறுவர் எறியும் கல்லுக்கும், வெறிநோய்க்கு அஞ்சியோர் ஓங்கும் தடிக்கும் இரையாகி மாண்டன.

விலங்குகளுக்கு இரங்குவார் அந்நகரில் இல்லாமற் போகவில்லை. 1824ஆம் ஆண்டிலேயே விலங்குகள் வதைத் தடுப்புச் சங்கம் இலண்டனில் தோன்றியிருந்தது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் நாய்ச்சண்டையைத் தடுத்து, நாய்க்கும் ஓரளவு பாதுகாப்பு அளித்தது. அச்சங்கத்தார் கொடுமை செய்வோரைக் கண்டுபிடித்து வழக்குமன்றத்தில் நிறுத்தினர். எனவே நாயை அடித்தவனைத் தண்டிக்க வழி இருந்தது. அடிபட்ட நாய்க்குத்தான் படுக்க இடம் இல்லை.

டீல்பி அம்மையாருக்குச் சாரா மேஜர் என்னும் தோழியார் ஒருவர் இருந்தார். 1860ஆம் ஆண்டில் ஒருநாள் அத்தோழியார், பட்டினியால் மெலிந்து தெருவிற் கிடந்த நாய் ஒன்றைக் கண்டு, மனம் பொறாது எடுத்துவந்து தம் சமையலறையிற் கிடத்தினார். டீல்பி அம்மையாரும் அதனைக் கண்டு உருகினார். இருவரும் பால் ஊட்டியும் வெப்பம் அளித்தும் அதனைப் பேணினர். ஆயினும் நாய் பிழைக்கவில்லை. இத்தகைய நிகழ்ச்சி எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கும். இரண்டொரு நாள் வருந்திவிட்டுப் பலர் மறந்துமிருப்பர். டீல்பி அம்மையார் மறக்கவில்லை. அந்த நாயைப்போல் இன்னும் எத்தனை நாய்கள் இந்நகரில் இந்நேரம் கிடக்கின்றனவோ என்று எண்ணினார். முதலில் தம் வீட்டிலேயே சில நாய்களை வைத்துக் காத்தார். ஒருவர் வீட்டில் எத்தனை நாய்களுக்கு இடம் இருக்க முடியும்? வீட்டளவில் முடியாத வேலை என்பது விரைவில் விளங்கிவிட்டது. ஆதலால் ஹாலோவேயில் பயன்படாது கிடந்த குதிரைக் கொட்டில்களை வாடகைக்குப் பிடித்தார். 1860ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் அங்கே காப்பகம் தொடங்கப்பெற்றது. காணாமற்போனவையும் பட்டினியால் வாடுபவையுமாகிய நாய்களுக்குரிய தற்காலிக இல்லம் என்பது அதற்கு இடப்பட்ட பெயரின் பொருள்.

தற்காலிகம் என்ற சொல்லை அவர் பெயரிற் சேர்த்தது கருதத்தக்கது. நாய்களை வாழ்நாள் முழுவதும் அடைத்துவைக்கும் கூடமாக அவர் அதனை எண்ணவில்லை. தெருவுக்கும் வீட்டுக்கும் இடையே உள்ளதோர் இடைவழித் தங்கல் என்றே கொண்டார்.

காப்பகம் திறந்த சில நாள்களிலேயே ஏளனம் எழுந்தது. இலண்டனின் பெருஞ்செய்தித்தாளாகிய டைம்ஸ், அம்மையார் முயற்சியை எள்ளி நகையாடிக் கட்டுரை வெளியிட்டது. இரக்கம் எல்லை கடந்து பித்தாகிவிட்டது என்பது அதன் கருத்து. வீடற்ற மனிதர் தெருவில் உறங்கும் நகரத்தில் நாய்களுக்கு வீடு கட்டுவதா என்று அது வினவிற்று. இவ்வினாவைப் பொருளற்றது என்று தள்ளிவிட இயலாது. அவ்வாண்டின் இறுதியிற் கடுங்குளிர் வந்தது. வேலையிழந்த கூலியாளர் குடும்பங்கள் உணவின்றி வாடின. ஆயினும் அக்கேள்வியைக் கேட்டோர் அனைவரும் அந்த ஏழைகளுக்கு உதவி செய்துகொண்டிருந்தனர் என்று கூறவும் இயலாது. இரக்கம் என்பது குடத்து நீரன்று. ஒருவர்க்கு வார்த்தால் மற்றவர்க்குக் குறைந்துபோக. இதனை உணராதவர் பலர், முதிய பெண்டிரின் பொழுதுபோக்கு என்று அப்பணியைப் பேசித் திரிந்தனர்.

இந்நிலையில் வேறொருவராயின் சினந்து விடை எழுதியிருப்பர். அல்லது நாணிக் கதவை மூடியிருப்பர். அம்மையார் இரண்டும் செய்யவில்லை; துணை தேடினார். விலங்குகள் வதைத் தடுப்புச் சங்கத்தாரை அணுகினார். அவர்கள் தங்கள் அலுவலக அறையையே அவருக்குத் தந்துதவினர். 1860ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 27ஆம் நாள், பால் மால் தெருவிலிருந்த அவ்வறையிலே காப்பகத்தின் குழு முதன்முறையாகக் கூடிற்று. பெண்டிரும் ஆடவரும் அக்குழுவில் இடம்பெற்றனர். எட்வர்டு பேட்ஸும் தம் உடன்பிறந்தாளுக்குத் துணைநின்றார். வதைத் தடுப்புச் சங்கம் அக்காலை அரசியின் ஆதரவு பெற்றுப் புகழுடன் விளங்கியது. அதன் கூரையின்கீழ்க் கூடியதனால், நேற்றுவரை ஒரு வீட்டுப் பெண்மணியின் ஆசையாகத் தோன்றிய செயல் பொதுப்பணி என்னும் தகுதியைப் பெற்றது. கொடியவரைத் தண்டிக்கும் வேலை ஒரு சாராருக்கும், துன்புற்றதைத் தாங்கும் வேலை மற்றொரு சாராருக்குமாக அமைந்தது. ஏளனம் செய்த செய்தித்தாளுக்கு அளித்த விடை அதுவே என்று கூறலாம்.

காப்பகத்திற்கென அமைந்த விதிகள் சிலவே. ஆனால் அவை நன்கு சிந்தித்து வகுக்கப்பட்டவை. தெருவிற் கண்டெடுத்த நாயை யார் வேண்டுமாயினும் அங்கே கொண்டுவந்து சேர்க்கலாம். உடையவர் வந்து அடையாளங் கூறினால், உணவுக்கான செலவைச் செலுத்தி அழைத்துச் செல்லலாம். 14 நாள்களுக்குள் எவரும் வாராவிடின், குழுவினர் அந்நாயை விற்கவோ, வேறு வகையில் ஏற்பாடு செய்யவோ உரிமை உண்டு. இவை எவரும் எண்ணக்கூடியவை. மற்றொரு விதிதான் கூர்மையுடையது. நாயைக் கொண்டுவருவோருக்குப் பரிசோ கூலியோ ஒரு காசும் தரலாகாது என்பது அவ்விதி. முதற்பார்வைக்கு இது கருமித்தனம்போலத் தோன்றும். காசு கொடுத்தால் என்ன நேரும்? முன்னர்க் கூறிய நாய்த் திருடர், நல்ல வீட்டு நாய்களையே களவாடிக் காப்பக வாயிலிற் கொணர்ந்து நிறுத்திக் கூலி கேட்பர். அறச்சாலை களவுச் சந்தையாக மாறிவிடும். உள்ளம் உருகுவதோடு உலகியலும் அறிந்தோர் வகுத்த விதி அது.

கொட்டில் சிறிது, வருவாய் அதனினும் சிறிது. சிறுசிறு நன்கொடைகளே காப்பகத்தை நடத்தின. அக்கம்பக்கத்தார் நாய்களின் குரைப்பொலி தாங்கவில்லையென்று முறையிட்டனர். இவ்வாறு இரண்டாண்டுகள் தள்ளாடிச் சென்றபோது, எதிர்பாராத திசையிலிருந்து உதவி வந்தது.

1862ஆம் ஆண்டில் ஐஸ்லிங்டன் என்னும் இடத்திற் புதிதாகக் கட்டப்பெற்ற பெருமண்டபத்தில் நாய்க்காட்சி ஒன்று நடைபெற்றது. உயர்ந்த இனத்து நாய்கள் அங்கே பரிசுக்காக நிறுத்தப்பட்டன. மக்கள் திரள்திரளாகச் சென்று கண்டனர். அப்போது பெரும்புகழ் பெற்ற நாவலாசிரியராகிய சார்லஸ் டிக்கன்ஸ் வார இதழ் ஒன்று நடத்திவந்தார். அவ்விதழில் அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் இரண்டு நாய்க்காட்சிகள் என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. முதற்காட்சி ஐஸ்லிங்டன் மண்டபத்துக் காட்சி. கொழுத்த உடலும், தன் மதிப்பைத் தானே அறிந்த தோற்றமும் உடைய நாய்கள் அங்கே வரிசையாக வீற்றிருந்தன. இரண்டாவது காட்சிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, பரிசும் இல்லை. அம்மண்டபத்திற்கு ஒரு கல் தொலைவுக்குள்ளேயே இருந்த டீல்பி அம்மையாரின் கொட்டில்தான் அது. யாருக்கும் வேண்டாத, இனம் இன்னதென்று கூறவொண்ணாத, எலும்புந் தோலுமான நாய்கள், வருவோரின் முகத்தை நோக்கி வாலசைத்துக் காத்திருந்தன. பெருமைக்கு வளர்க்கும் நாயையும் பேணுவாரற்ற நாயையும் அருகருகே வைத்துக் காட்டிய அக்கட்டுரையைப் படித்தவர் நெஞ்சில் ஏளனத்திற்கு இடமில்லாது போயிற்று. காப்பகத்தின் பெயர் நாடெங்கும் பரவியது, ஆதரவும் பெருகியது. ஒரு செய்தித்தாள் ஏற்படுத்திய ஊறு மற்றோர் இதழால் ஆறிற்று.

ஆயினும் அந்த நற்காலத்தை அம்மையார் நெடிது காணக் கொடுத்துவைக்கவில்லை. புற்றுநோய் அவரைப் பற்றியது. நோயுற்ற நிலையில் பிகிள்ஸ்வேட் என்னும் சிற்றூருக்குச் சென்று தங்கியிருந்தார். காப்பகம் தொடங்கி ஐந்து ஆண்டுகள் நிறைந்த மறுநாள், 1865ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3ஆம் நாள், அங்கேயே காலமானார். அவ்வூர்த் திருக்கோயில் வளாகத்தில் அவர்தம் கல்லறை உள்ளது. எட்வர்டு பேட்ஸும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தனியொருவரை நம்பி நிற்கும் அறச்சாலைகள், அவர் மறைந்ததும் மறைந்துபோதல் உலகில் நாம் பலகாலும் காண்பது. இக்காப்பகம் அவ்வாறு அழியாமைக்குக் காரணம், அம்மையார் தொடக்கத்திலேயே அதனைக் குழுவின் கையில் ஒப்படைத்தமையே ஆகும். 1867ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் ஒன்று, இலண்டன் தெருக்களிற் காவலின்றித் திரியும் நாய்களைப் பிடித்து வைக்கும் அதிகாரத்தைக் காவல்துறையினருக்கு அளித்தது. பிடித்த நாய்களை எங்கே வைப்பது? காவல்நிலையத்தில் அதற்கு இடமும் இல்லை, ஆளும் இல்லை. காப்பகத்திலோ இரண்டும் இருந்தன. ஆதலால் அடுத்த சில ஆண்டுகளில், காவலர் பிடிக்கும் நாய்களைக் காப்பகம் ஏற்கும் ஏற்பாடு உருவாயிற்று. நாயைத் தொலைத்தவர் நகரெங்கும் அலையாமல் ஓரிடத்திற் சென்று தேடவும் வழி பிறந்தது. ஹாலோவேக் கொட்டில் இதற்குப் போதவில்லை. 1871ஆம் ஆண்டில் காப்பகம் பாட்டர்சீக்கு இடம்பெயர்ந்தது. புகைவண்டிகள் இரைந்து செல்லும் அவ்விடத்தில் நாய் குரைப்பதைப்பற்றி முறையிடுவார் குறைவு. 1883ஆம் ஆண்டு முதல் பூனைகளும் ஏற்கப்பட்டன. 1885ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியார் காப்பகத்தின் புரவலர் ஆனார்.

இங்கே மறைக்கத்தகாத செய்தி ஒன்று உண்டு. காப்பகத்துள் வந்த நாய்கள் எல்லாம் பிழைக்கவில்லை. காவலர் வழியாக வந்த நாய்களின் தொகை வெள்ளம்போற் பெருகியபோது, நோயுற்றவற்றையும், ஏற்பாரில்லாதவற்றையும் கொன்றுவிட நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வாறு மாண்டவையே மிகுதி. துன்பமின்றி உயிர் நீங்குதல் வேண்டும் என்று கருதி, பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் என்னும் மருத்துவர் மயக்கமூட்டும் ஆவி நிறைந்த அறையொன்றை அமைத்தார். 1884இல் அது பாட்டர்சீயிற் பயன்பாட்டுக்கு வந்தது. தெருவில் தடியால் அடியுண்டு சாவதைவிட இது நன்று என்று சிலர் அமைதி கொண்டனர். காக்கவென்று கட்டிய கூரையின்கீழே கொல்ல நேர்ந்ததே என்று மற்றும் சிலர் உள்ளம் நொந்தனர். இருசாரார் கூற்றிலும் உண்மை இருந்தது. ஒரு நகரத்தின் நாய்கள் அனைத்தையும் ஒரே காப்பகம் தாங்கவியலாது என்பதையே இந்நிலை உணர்த்திற்று.

பிற நகரங்களிலும் காப்பகங்கள் தோன்றின. எடின்பரோவில் 1883ஆம் ஆண்டிலும், பர்மிங்ஹாமில் 1892ஆம் ஆண்டிலும் இத்தகைய இல்லங்கள் நிறுவப்பட்டன; லிவர்பூல், பிரிஸ்டல், மான்செஸ்டர் ஆகிய நகரங்களிலும் அவ்வாறே. முதல் உலகப்போர்க் காலத்தில் இவற்றுட் பல ஒரு பணியில் இணைந்தன. போர்க்களத்திற் செய்தி கொண்டுசெல்ல நாய்களைப் பழக்கும் பள்ளி ஒன்று 1917ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. அதற்கு வேண்டிய நாய்கள் முதலிற் பாட்டர்சீயிலிருந்து பெறப்பட்டன. அவை போதாதபோது பர்மிங்ஹாம், லிவர்பூல், பிரிஸ்டல், மான்செஸ்டர் காப்பகங்களும் தந்தன. ஏற்பாரின்றித் தெருவிலே திரிந்த நாய், தொலைபேசிக் கம்பிகள் அறுந்த களத்திலே படையினரின் செய்தியைச் சுமந்து ஓடியது. சாவிலிருந்து மீட்டுச் சாவின் வாயிலுக்கே அனுப்புவதா என்று ஐயுறுவாரும் உளர்.

இரண்டாம் உலகப்போர் 1939ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மூண்டபோது வேறொரு கொடுமை நேர்ந்தது. குண்டுவீச்சுக்கும் உணவுப் பஞ்சத்துக்கும் அஞ்சிய மக்கள், தாம் வளர்த்த நாய்களையும் பூனைகளையும் சில நாள்களுக்குள் இலட்சக்கணக்கிற் கொல்வித்தனர். பாட்டர்சீக் காப்பகம் அப்போர்க்காலம் முழுவதும் மூடப்படவில்லை. அவ்வாண்டுகளில் 1,45,000 நாய்களை அது பேணிற்று.

காப்பகங்கள் பல்கியபின், ஒவ்வொன்றும் தனித்தனியே இயங்குவதனால் விளையும் குறைகளும் தெரியலாயின. ஓரிடத்தில் கூண்டுகள் நிறைந்து வழியும். மற்றோரிடத்தில் இடம் வெறுமையாகக் கிடக்கும். ஓரூரில் எவரும் விரும்பாத நாயை மற்றோரூரார் விரும்பி அழைத்துச் செல்வர். உடல்நலம் தேறச் சிறப்பு மருத்துவம் வேண்டும் நாய்க்கு, அதற்குரிய மருத்துவர் உள்ள காப்பகமே தக்கது. இவ்வுண்மைகளை உணர்ந்தோர் 1985ஆம் ஆண்டில் நாய் இல்லங்களின் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தினர். பின்னர்ப் பூனை இல்லங்களும் அதிற் சேர்ந்தன. உறுப்பு இல்லங்கள் பின்பற்றவேண்டிய ஒழுங்குகளை அஃது வகுத்தது. பாட்டர்சீயும் பிற காப்பகங்களிலிருந்து நாய்களை ஏற்று, அவற்றின் சுமையைக் குறைத்து வருகின்றது. 1979ஆம் ஆண்டில் ஓல்டு விண்ட்சர் என்னும் ஊரில் தனக்கெனக் கிளையொன்றும் அமைத்துக்கொண்டது. டீல்பி அம்மையார் காலந்தொட்டு அக்காப்பகத்தின் வாயிலிற் புகுந்த நாய்களும் பூனைகளும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டவை.

தெருநாய்களை ஏற்கும் பொறுப்பு 2008ஆம் ஆண்டில் காவல்துறையினரிடமிருந்து முற்றிலும் உள்ளாட்சி மன்றங்களிடம் சென்றது. 2016ஆம் ஆண்டு முதல், இங்கிலாந்தில் வளர்க்கப்படும் நாய் ஒவ்வொன்றின் தோலின்கீழும் அரிசிமணி அளவுள்ள அடையாளச் சில்லு ஒன்றைப் பொருத்துதல் கட்டாயமாயிற்று. காணாமற்போன நாய் எந்த ஊர்க் காப்பகத்திற்கு வந்தாலும், அங்குள்ளோர் ஒரு சிறு கருவியை அதன் தோளருகே பிடிக்கின்றனர். கருவியில் ஓர் எண் தோன்றுகின்றது. அவ்வெண்ணைக் கொண்டு பதிவேட்டைப் பார்த்து, உடையவரின் வீட்டிற்குத் தொலைபேசியில் செய்தி சொல்கின்றனர்.